தின்னரில் கரையாத கறுப்பு

1. ஒரே ஓட்டோவில் இரண்டு பெட்டி

இரண்டு பெட்டிகளும் ஒரே ஓட்டோவில் வந்து இறங்கியபோதே எனக்கு விளங்கிவிட்டது. ஐந்து வருடமாக ஒன்று கொட்டாஞ்சேனையிலும் மற்றது வெள்ளவத்தையிலுமாக இருந்தவை அவை. இரண்டும் ஒரே மேசையில் நிற்காத வரைக்கும் எனக்கு ஆபத்தில்லை என்று நினைத்திருந்தேன். கொழும்பில் குடும்பங்கள் ஒன்றுசேராது என்பதை நம்பித்தான் என் தொழில் பாதி நடந்தது.

பெட்டி என்று சொல்கிறேனே தவிர, அவை இரண்டு கதவு வைத்த, ஒன்றரை அடி உயரச் சின்ன அலுமாரிகள். கறுப்பு லாக்கர். கதவில், தொங்கும் கிளைகளின் கீழே ஒற்றைக்காலில் நிற்கும் ஒரு கொக்கு, தங்க நிறத்தில். கொக்கைச் சுற்றி மணல் தூவினதுபோலத் தங்கப் பொடி.

அக்கா ஜெசிந்தா ரீச்சர் ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார். தங்கை ரெஜினா மற்றதை. என் வேலைமேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். என் வேலை எவ்வளவு திறமானது என்பதை ஐந்து வருடத்துக்குப் பிறகு நானே திரும்பப் பார்த்தேன். கொக்குகளின் கண்கள்கூட ஒரே மாதிரி என்னைப் பார்த்தன.

"மிஸ்டர் குலேந்திரன், அண்டைக்கு எனக்கு என்ன சொன்னனீங்க எண்டு இவவுக்கு ஒருக்கா சொல்லுங்க" என்றார் ரீச்சர்.

"எனக்குச் சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்க அண்ணன்" என்றார் ரெஜினா.

இருங்கோ, தேத்தண்ணி குடிப்பம் என்றேன். படித்தவன் தப்பியோட நினைக்கும்போது முதலில் தேநீரைத்தான் தேடுவான். என்னோடு வேலை செய்த சுனில் பாஸ் எழும்பிப் போய் கொம்ப்ரஸரை நிறுத்தினார். அந்தச் சத்தம் நின்றதும் ஒளிந்துகொள்ள எனக்கு இடமில்லாமல் போயிற்று.

அங்கே நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதுவதற்கு முதல், இது எப்படி வந்தது என்பதை ஒழுங்காகச் சொல்லவேண்டும். ஸ்ப்ரே தொழிலுக்கு வருகிறவர்கள் இதை வாசித்தால் அவர்களுக்கு உதவும். எனக்கு உதவும் காலம் போய்விட்டது.

2. நூறு வருடம் செய்யும் விதம்

நான் இரசாயனவியல் பட்டதாரி. பெயின்ட் கம்பெனி ஒன்றின் ஆய்வுகூடத்தில் இருபத்தெட்டு வருடம் இருந்தேன். அதில் பெரும்பகுதி கார் பெயின்ட் பிரிவு. கராஜ்காரர்களுக்கு வகுப்பு எடுப்பதும் என் வேலை. அந்த வகுப்பில் நான் அடிக்கடி சொல்லும் பாடம் ஒன்று: புதுக் கதவு பூட்டின காருக்கு, கதவை மட்டும் பழைய கலருக்கு மேட்ச் பண்ண மினக்கெடாதீர்கள், என்ன செய்தாலும் வித்தியாசம் தெரியும், பழையதையும் தேய்த்து முழுப் பக்கத்தையும் ஒன்றாக அடியுங்கள். இந்தப் பாடத்தை நினைவில் வைத்திருங்கள். திரும்ப வரும்.

ஓய்வு பெற்ற பிறகு வெள்ளவத்தை வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. கொட்டாஞ்சேனையில், துறைமுகப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் பாதிக் களஞ்சியத்தை வாடகைக்கு எடுத்து, தளபாடங்களுக்கு எயார்பிரஷ்ஷால் லாக்கர் வேலை செய்யத் தொடங்கினேன்.

அசல் லாக்கர் ஜப்பானிலும் சீனாவிலும் ஒரு மரத்திலிருந்து வடிக்கும் பால். மெல்லிய தோலாகப் பூசி, காயவிட்டு, தேய்த்து, திரும்பப் பூசி, மாதக்கணக்கில் செய்வார்கள். நாங்கள் வெள்ளிக்கிழமை தொடங்கித் திங்கட்கிழமை கொடுத்துவிடுவோம். எங்களுடையது தகரத்தில் வரும் என்.சி. லாக்கர். தின்னர் பட்டால் கரைந்துவிடும்.

சீனச் சிவப்பு வேண்டுமா? முதலில் கறுப்பு அடித்து, மேலே சிவப்பு அடித்து, கை படும் மூலைகளில் மட்டும் சிவப்பைத் தேய்த்து அடிக்கறுப்பைக் காட்டினால் நூறு வருடம் வந்துவிடும். ஆமையோட்டு நிறம் வேண்டுமா? மஞ்சள் தரையில் கபில நிறப் புள்ளிகளை ஓரம் மங்கும்படி ஊதி, மேலே நிறமில்லாத கிளியர் பூச்சு. தங்கத்தூள் வேலை எல்லாவற்றிலும் சுகம். காற்றழுத்தத்தைக் குறைத்தால் எயார்பிரஷ் துப்பத் தொடங்கும். பழகுகிறவர்கள் அதைப் பழுது என்று நினைத்துக் கழுவுவார்கள். அந்தத் துப்பலில் வெண்கலப் பொடியைக் கலந்தால் அரச குடும்பத்துப் பெட்டி ரெடி.

கடைசியாக மணம். பழைய தளபாடத்தைத் திறந்தால் ஒரு மணம் வருமே, அதற்கும் என்னிடம் மருந்து இருந்தது. கராம்பும் தேயிலைத் தூளும் பழைய கடதாசியும் துணியில் முடிந்து, ஒரு கிழமை உள்ளே வைத்துப் பூட்டிவிடவேண்டும். இந்த மணத்துக்காகவே என்னைத் தேடி வந்தவர்கள் உண்டு.

வாடிக்கையாளர்கள் ஏமாந்தார்கள் என்று சொல்லமாட்டேன். அவர்கள் தெரிந்தே வாங்கினார்கள், மற்றவர்களை ஏமாற்றுவதற்காக. தொடர்மாடியின் ஏழாம் தட்டில் இருந்த ஒரு கனவானுக்கு, மரத்தூளை ஒட்டி அழுத்திய அமுக்குப் பலகையில் சீனக் கலியாணப் பெட்டி ஒன்று செய்து கொடுத்தேன். அடுத்த மாதம் அவர் மகளின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டார். விருந்தாளிகளுக்கு அந்தப் பெட்டியை ஹொங்கொங்கில் ஒரு கிழவியிடம் பேரம் பேசி வாங்கிய கதையைச் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர், உற்சாகத்தில் எனக்கும் சொன்னார். நான் தலையாட்டிக் கேட்டேன். கிழவிக்கு என்ன வயதிருக்கும் என்றும் விசாரித்தேன். அவர் யோசித்து எழுபத்தைந்து என்றார்.

கதைகளையும் நானே எழுதிக் கொடுப்பதுண்டு. பெட்டி யாருடையது, எந்தக் கப்பலில் வந்தது என்று நல்ல ஆங்கிலத்தில் அரைப்பக்கம். பட்டப்படிப்பு வீண்போகவில்லை.

சுனில் பாஸ் அப்படியல்ல. பொலிஷ் வேலையில் கை பழுத்த மனிதர், அப்படிப்பட்டவர்களை இங்கே பாஸ் என்பார்கள். எட்டாம் வகுப்போடு வேலைக்கு வந்தவர். அவர் எட்டாம் வகுப்பு என்பதையும் நான் பட்டதாரி என்பதையும் நான் ஒரு நாளும் மறந்ததில்லை. அவரையும் மறக்க விட்டதில்லை.

3. கஞ்சிக்குக் கிடைத்த பெட்டி

ஜெசிந்தா ரீச்சர் முதன்முதல் வந்தபோது பெட்டியைப் படுக்கைவிரிப்பில் சுற்றிக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளார்க்காக இருந்தவர். கப்பலில் காய்ச்சலாகக் கிடந்த ஜப்பானிய அதிகாரி ஒருவருக்கு மூன்று கிழமை கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாராம். போகும்போது அவர் கொடுத்த பெட்டி இது. கலவரத்தில் வீட்டை விட்டுக் கோயிலுக்கு ஓடியபோது, அம்மா ஒரு கையில் ரெஜினாவையும் மறு கையில் இந்தப் பெட்டியையும்தான் தூக்கினாராம். மற்றதெல்லாம் எரிந்துவிட்டது.

நான் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மனதுக்குள் சிரித்தேன். கப்பல், காய்ச்சல், ஜப்பானியன். இதைவிடத் திறமான கதைகள் ஒரு டசின் நானே எழுதியிருக்கிறேன்.

அம்மா இறந்த பிறகு பெட்டி யாருக்கு என்பதில் சகோதரிகள் மூன்று வருடமாகக் கதைக்கவில்லை. ரீச்சர் கலியாணம் செய்யாமல் அம்மாவை வைத்துப் பார்த்தவர். ரெஜினா, அம்மா என்னைத் தூக்கின கையோடு தூக்கின பெட்டி, அதனால் எனக்கு என்றார். கடைசியில் பங்குத்தந்தை ஒரு வழி சொன்னார். அச்சொட்டாக இன்னொன்று செய்யுங்கள். கண்ணைக் கட்டிச் சீட்டு எடுங்கள். எது பழையது என்பது உங்கள் இருவருக்கும் தெரியவே கூடாது.

ஆகவே தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். வெளியே சொல்லமாட்டேன் என்று சத்தியமும் வாங்கினார்கள்.

மரவேலைக்கு மொரட்டுவையில் ஒருவரைப் பிடித்தேன். பழைய பெட்டி பாரமில்லாமல் இருந்தது. தூக்கிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக்கூடாது என்று லுனுமிதெல்ல மரத்தில் செய்வித்தேன். அது கடதாசிபோல இலேசானது. படங்கள் எடுத்தேன், கொக்கை ஒற்றுத்தாளில் பிரதி எடுத்து ஸ்டென்சில் வெட்டினேன். புதுப்பெட்டி அடித்து முடிந்ததும் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன்.

மேட்ச் ஆகவில்லை. கறுப்பு கறுப்புத்தான். ஆனால் பழையதன் கறுப்புக்கு ஆழம் இருந்தது, கிணற்றுக்குள் பார்ப்பதுபோல. என்னுடையது சப்பாத்து மாதிரி மினுங்கியது. மினுக்கம் குறைக்கும் மட் கலந்து பார்த்தேன், துளி கபிலம் கலந்து பார்த்தேன். பத்து நாள் போயிற்று. பதினோராம் நாள் எனக்கு என் வகுப்புப் பாடம் ஞாபகம் வந்தது.

பழையதையும் தேய்த்து, இரண்டையும் ஒன்றாக அடி.

4. சாட்சிகள் எல்லாம் வந்து சொன்னார்கள்

இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். என்னுடைய பிழை அறியாமையால் வந்ததல்ல. பெட்டி எனக்கு ஒவ்வொரு படியிலும் உண்மையைச் சொன்னது. நான் ஒவ்வொரு படியிலும் அதற்குப் பதில் சொன்னேன்.

முதலில் பஞ்சில் தின்னர் நனைத்து ஒரு மூலையில் வைத்தேன். எங்கள் லாக்கர் என்றால் உடனே இளகிப் பஞ்சு கறுத்திருக்கும். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. இரசாயனம் படித்தவன் அங்கே நின்றிருக்கவேண்டும். நான் என்ன நினைத்தேன்? எவனோ அண்மையில் இதற்கு இரண்டு திரவம் கலந்து இறுகும் டூ-பேக் பெயின்ட் அடித்திருக்கிறான், அதுதான் கரையவில்லை, பழைய பெட்டியாம், காய்ச்சலாம், கப்பலாம் என்று நினைத்தேன்.

சுனில் பாஸ் விரல் நுனியால் கதவைத் தடவிப் பார்த்தார். பிறகு கட்டையில் சுற்றின சாண்ட்பேப்பரை மேசையில் வைத்துவிட்டார்.

"மேக்க பெயின்ட் நெமெயி, சேர்."

இது பெயின்ட் இல்லை என்றார். வேறு என்ன என்று கேட்டேன். அது தனக்குத் தெரியாது என்றார். தெரியாதென்றால் தேய் என்றேன். அவர் தேய்க்கவில்லை. கை கழுவிவிட்டு வெளியே போய் நின்றார். அதனால் நானே தேய்த்தேன்.

என்.சி. லாக்கர் சூடேறினால் சாண்ட்பேப்பர் தாளில் பிசின்போல அடையும். இது அடையவில்லை. மாவாகக் கொட்டியது. நல்ல தாள் என்று தாளைப் புகழ்ந்தேன். கறுப்புக்குக் கீழே சிவப்பு வந்தது, அதற்குக் கீழே இன்னொரு கறுப்பு, பிறகு மண் நிறத்தில் ஒரு பூச்சு. எத்தனை தரம் திருத்தி அடித்திருக்கிறான்கள், வேலை தெரியாதவன்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் கீழே, மரத்தோடு ஒட்டி, நார்த்துணி ஒன்று வந்தது. அதைப் பார்த்து நான் சத்தமாகச் சிரித்தேன். மரத்தில் வெடிப்பு, மறைக்கத் துணி ஒட்டியிருக்கிறான், என்னைவிடப் பெரிய கள்ளன் என்று சுனிலைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சுனில் குனிந்து பார்த்தார். துணி ஓர் இடத்தில் இல்லை, பெட்டி முழுவதும் இருந்தது. வெடிப்பும் இல்லை. நிமிர்ந்து திரும்ப வெளியே போனார்.

அதற்குப் பிறகுதான், இரண்டு கதவும் மேல்பலகையும் போன பிறகுதான், என் சிரிப்பு எனக்கே ஒரு மாதிரிக் கேட்டது. கைபேசியை எடுத்துத் தேடினேன். மரத்தின் மேல் துணி, துணியின் மேல் மண் பூச்சு, அதன் மேல் தோல் தோலாகக் கறுப்பும் சிவப்பும். அசல் லாக்கர் வேலைக்கு இலட்சணம் இதுதான் என்று, நான் கண்ட வரிசையிலேயே எழுதியிருந்தது. கரைப்பான்களில் கரையாது என்பதும் இருந்தது.

என் வாழ்நாளில் என் கைக்கு வந்த அசல் அது ஒன்றுதான். இவ்வளவு காலம் போலியோடு பழகியவனுக்கு அசலைக் கண்டால் அது மோசமான போலியாகத் தெரிகிறது. கீழே விழுந்த தூளைக் கூட்டி அள்ளினேன். ஒரு சிரட்டைகூட நிறையவில்லை.

அன்றே ரீச்சர் வீட்டுக்குப் போயிருக்கலாம். நடந்தால் ஏழு நிமிடம். நான் மீதியையும் தேய்த்தேன். இரண்டுக்கும் கறுப்பு அடித்தேன், இரண்டுக்கும் கொக்கை வைத்தேன், காற்றைக் குறைத்துத் தங்கத்தூள் துப்பினேன், இரண்டுக்குள்ளும் கராம்பு முடிச்சை வைத்துப் பூட்டினேன். மேட்ச் மிகத் திறமாக வந்தது.

5. இருவருக்கும் ஒரே பதில்

சீட்டு எடுத்தார்கள். பழைய மரம் ஒருவருக்கும் லுனுமிதெல்ல ஒருவருக்கும் போயிற்று. மூன்று வருடத்துக்குப் பிறகு இருவரும் என் களஞ்சியத்தில் வைத்துக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

பத்து நாளில் ரீச்சர் தனியே வந்தார். கையில் லவ் கேக். பாடசாலையில் கொப்பியடித்த பிள்ளைகளை முட்டுக்காலில் வைத்தவர், ஒரு சொல் மட்டும் சொல்லுங்கள், என்னுடையதா பழையது என்று கேட்டார். ஓம் என்றேன். அடுத்த கிழமை ரெஜினா போன் எடுத்தார். ஒருவருக்கும் சொல்லமாட்டன் அண்ணன் என்றார். அவருக்கும் ஓம் என்றேன்.

என் நியாயம் இப்படி இருந்தது: அசல் உலகத்திலேயே இல்லை, இல்லாத பொருளை இரண்டு பேருக்குக் கொடுத்தால் யாருக்கு நட்டம்? பட்டம் இல்லாமல் இப்படி ஒரு நியாயம் கண்டுபிடிக்க ஏலாது.

பலனும் கிடைத்தது. இருவரும் ஒருவர் மேல் ஒருவர் உருகினார்கள். பாவம் அக்கா, கொப்பியை வைத்துக்கொண்டு கும்பிடுகிறா என்று தங்கை மீன் வாங்கி அனுப்பினார். பாவம் தங்கச்சி என்று அக்கா கிறிஸ்மஸ் கேக்கில் பெரிய பங்கை வெள்ளவத்தைக்கு அனுப்பினார். இரண்டு வீட்டிலும் என்னை உபசரித்தார்கள். ஐந்து வருடம் இரண்டு வீட்டுக் கேக்கையும் சாப்பிட்டேன்.

6. மணம்

பிறகு ரெஜினாவின் மகன் அவரை மெல்பேர்னுக்குக் கூப்பிட்டான். அவருடைய வெள்ளவத்தை வீடு விற்றாயிற்று. போகிறவளை வெறுங்கையோடு அனுப்ப ரீச்சருக்கு மனம் கேட்கவில்லை. தான் ஒளித்துக் கேட்டதை ஒப்புக்கொண்டு, என்னிடம் இருப்பதுதான் அப்பாவுடையது, நீ கொண்டுபோ என்றார். ரெஜினாவும் அழுதுகொண்டு, இல்லை அக்கா, நானும் ஒளித்துத்தான் கேட்டேன், அப்பாவுடையது என்னிடம், நீ வைத்துக்கொள் என்றார். இரண்டு ஓமும் ஒரே வாயிலிருந்து வந்தவை என்று இருவருக்கும் விளங்கியிருக்கிறது. அதன் பிறகுதான் அந்த ஓட்டோ.

கொம்ப்ரஸர் நின்ற அமைதியில் நான் சொன்னேன்.

"ரெண்டு பேருக்கும் பொய்தான் சொன்னனான். ரெண்டும் நான் அடிச்சது."

"அப்ப அப்பாட பெட்டி?" என்றார் ரெஜினா.

தேய்த்துவிட்டேன் என்றேன். தின்னர், துணி, தூள், எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். சுனில் பாஸ் வேண்டாம் என்றதையும் சொன்னேன். ரெஜினா கதிரையில் இருந்துவிட்டார். ரீச்சர் இருக்கவில்லை. தன் பெட்டியின் கதவைத் திறந்து, முகத்தை உள்ளே கொண்டுபோய் மூச்சு இழுத்தார்.

"இந்த மணம்?"

"கராம்பும் தேயிலைத் தூளும்."

அவர் கதவை மெதுவாகச் சாத்தினார்.

"செபமாலை எடுக்கத் துறக்கிற நேரமெல்லாம், அம்மாட மணம் எண்டு நினைச்சனான்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏச்சுக்கு என்னிடம் பதில்கள் இருந்தன.

ஏதாவது திருப்பிக் கொடுக்கவேண்டும்போல இருந்தது. கொடுப்பதற்கு ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. பூச்சுத்தான் போனது, ஒரு பெட்டியின் மரம் இன்னும் அப்பாவுடைய மரம்தான், எது என்று எனக்குத் தெரியும், சொல்கிறேன் என்றேன். முதல் முறையாக அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

ரெஜினா நிமிர்ந்தார். ரீச்சர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"வேணாம். நீங்க இது எண்டு சொல்லுவீங்க. நாங்க நம்போணும். நம்பித்தானே இவ்வளவும்."

"அக்கா, இந்த பாஸைக் கேப்பமே" என்றார் ரெஜினா.

ரீச்சர் சுனிலைப் பார்த்தார். சுனில் நிலத்தைப் பார்த்தார். அந்த மனிதர் வாய் திறந்திருந்தால் இருவரும் நம்பியிருப்பார்கள். ஆனால் ரீச்சர் அவரிடமும் கேட்கவில்லை. தெரிந்துவிட்டால் திரும்பவும் சண்டை பிடிக்கவேண்டி வருமே என்று தங்கையிடம் சொன்னார். ரெஜினா மூக்கைச் சிந்திக்கொண்டு, அதுவும் சரிதான் என்றார்.

பிறகு ரீச்சர் இரண்டு பெட்டிகளையும் பின்பக்கம் திருப்பி வைத்தார். தூரிகை ஒன்று எடுக்கச் சொன்னார். எழுதவேண்டியதைத் தானே சொல்லிக் கொடுத்தார்.

"கொப்பி. செய்தவர், குலேந்திரன். ரெண்டிலயும்."

அதுவரை என் வேலை ஒன்றிலும் என் பெயர் இருந்ததில்லை. கொக்கின் காலை ஒரே இழுப்பில் வரைகிற கை, என் பெயரின் முதல் எழுத்தைக் கோணலாக்கியது. ரீச்சர் என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். எழுத்து கோணினால் துடைத்துத் திரும்ப எழுதச் சொன்னார். மூன்று தரம் எழுதினேன்.

"மேல கிளியரும் அடிங்க" என்றார் ரெஜினா. "அழியக்கூடாது."

சுனில் பாஸ் போய் கொம்ப்ரஸரைப் போட்டார்.

7. தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

போலி செய்வது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. எயார்பிரஷ் நல்ல கருவி. அதில் செய்த கொக்குக்கும் ஓர் அழகு உண்டு. பின்பக்கத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள், அதன் மேல் கிளியர் அடியுங்கள். பெயர் போடத் தொடங்கிய பிறகு என்னிடம் வந்த வேலை பாதியாகக் குறைந்தது. ஏழாம் தட்டுக் கனவான் அடுத்த பெட்டியைப் பெயரில்லாமல் கேட்டார். முடியாது என்றேன். அவர் வேறு ஆளைத் தேடிக்கொண்டார். அவருக்கு வேண்டிய கிழவிகள் உலகத்தில் நிறைய இருக்கிறார்கள்.

இன்னொன்று. தின்னரில் கரையாத ஒன்றை உங்கள் முன்னால் வைத்தால், அதற்கு விளக்கம் சொல்லாதீர்கள். தாளைக் கீழே வையுங்கள். உங்களோடு வேலை செய்கிறவர் தாளைக் கீழே வைத்தால், அவர் எத்தனையாம் வகுப்பு என்று யோசிக்காமல் நீங்களும் வையுங்கள்.

ஒரு பெட்டி மெல்பேர்னில் இருக்கிறது. ஒன்று இங்கே ஏழு நிமிட நடையில் இருக்கிறது. கஞ்சிக்குக் கிடைத்த மரம் எதில் என்பது எனக்குத் தெரியும். இரண்டு வருடமாகிறது. அந்த வீட்டைக் கடந்துதான் தினமும் பஸ்ஸுக்குப் போகிறேன். ரீச்சர் வாசலில் நின்றால் தலையசைப்பார். நானும் அசைப்பேன். அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.